'றோக்கஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் வேரையும் தேடிக் காண்பது எப்படி

கரகரத்த குரலைச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஹோர்ஸ், ஹஸ்கி, கிறஃப், றாஸ்பி, கிறவெலி, றோக்கஸ் என்று ஒரு நீண்ட வரிசையே உண்டு. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவரும், செய்திகளை மொழிபெயர்ப்பவரும் கையடக்கமான ஓர் ஆங்கில–தமிழ் அகராதியைத் திறந்தால், இவற்றுள் பலவற்றுக்கு எதிரே 'கரகரப்பான' என்ற ஒரே விளக்கத்தையே காண நேரிடும். அது பிழையன்று, ஆனால் அதை நம்பி எழுதப்படும் வாக்கியம் பெரும்பாலும் பிழையாகிவிடும். இவ்வரிசையில் மிகவும் வழுக்குகின்ற சொல் றோக்கஸ் என்பதால், அதையே எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லின் இன்றைய பொருளை எவ்வாறு உறுதிசெய்வது, அதன் பிறப்பை எவ்வளவு தூரம் பின்தொடர்வது, தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைத் தெரிவது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

எழுத்தையும் ஒலியையும் முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. ஆர், ஏ, யு, சி, ஓ, யு, எஸ் என்ற ஏழு எழுத்துகளால் ஆன இச்சொல்லில் 'ஏ, யு' என்ற இணை, ஓகஸ்ட், ஓட்டோ ஆகிய சொற்களில் ஒலிப்பது போலவே நெடிய ஓகாரமாக ஒலிக்கிறது. இறுதியில் வரும் 'ஓ, யு, எஸ்', ஃபேமஸ் என்பதன் ஈற்றைப் போலக் குறுகி 'அஸ்' என்றாகிறது. அசை இரண்டு, அழுத்தம் முதல் அசையில். 'றவுக்கவுஸ்' என்று எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் இதைக் காதால் கேட்டபோது வேறொரு சொல் என்று எண்ணிவிடுவது உண்டு.

சொல்லை அதன் கூட்டத்தோடு பார்த்தல்

அடுத்த வேலை தமிழ் நிகரைத் தேடுவது அன்று. அந்தச் சொல் எந்தப் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் வருகிறது என்று பார்ப்பது. இதற்கு ஆங்கில–ஆங்கில அகராதியே உதவும். பிறமொழியினருக்காக ஹோர்ன்பி தொகுத்து, ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் 1948இல் வெளியிட்ட மாணவர் அகராதியின் பிந்திய பதிப்புகள் இதற்குப் பொருத்தமானவை; அவற்றில் வரைவிலக்கணத்தைவிட எடுத்துக்காட்டுகளையே கூர்ந்து வாசிக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து, றோக்கஸ் என்ற அடைமொழியோடு வரும் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். குரல், சிரிப்பு, கூச்சல், காகத்தின் கத்தல், விருந்து, பார்வையாளர் கூட்டம், ஆரவாரம், பாராளுமன்ற விவாதம் என்று அந்தப் பட்டியல் நீளும்.

இப்போது பட்டியலையே கேள்வி கேட்க வேண்டும். குரலும் சிரிப்பும் காகமும் ஒலி சார்ந்தவை. விருந்தும் கூட்டமும் விவாதமும் ஒலியோடு நடத்தையும் சேர்ந்தவை. ஒரு விருந்துக்குத் தொண்டை கிடையாது. அது கரகரக்க முடியாது. ஆகவே இச்சொல்லுக்கு இன்று இரண்டு பொருள்கள் இருப்பது தெளிவாகிறது. ஒன்று, உரத்தும் கரடுமுரடாகவும் காதை உறுத்தும் ஒலி. மற்றையது, அடக்கமின்றி இரைச்சலும் கும்மாளமுமாக இருக்கும் நிலை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய 'வடக்கின் போர்' துடுப்பாட்டப் போட்டியின்போது, பாப்பரே வாத்தியங்களோடு மைதானத்தைச் சுற்றி நிற்கும் பழைய மாணவரை ஓர் ஆங்கிலச் செய்தியாளர் றோக்கஸ் என்ற சொல்லால் குறித்தால், அவர்களது தொண்டை கட்டிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. மாலையாகும்போது அதுவும் கட்டிவிடும் என்பது வேறு கதை.

இனச்சொற்களிலிருந்து பிரித்தறிதல்

இங்கே கையாளக்கூடிய மிக எளிய சோதனை ஒன்று உண்டு. 'காதோடு காதாகச் சொல்லும் பேச்சு' என்பதற்கு முன்னால் அந்தந்த அடைமொழியை வைத்துப் பாருங்கள். ஹோர்ஸ் பொருந்துகிறது, ஹஸ்கி மிக நன்றாகப் பொருந்துகிறது, றாஸ்பியும் பொருந்துகிறது. றோக்கஸ் மட்டும் பொருந்துவதில்லை. உரத்த ஒலி என்ற கூறு அதன் பொருளுக்குள்ளேயே இருப்பதால், மெல்லிய குரலோடு அது சேர மறுக்கிறது. சளி பிடித்துக் குரல் அடைத்துப்போன ஆசிரியரின் குரல் ஹோர்ஸ். அதே ஆசிரியர் அந்தத் தொண்டையோடு வகுப்பு அதிரச் சத்தமிட்டால் மட்டுமே றோக்கஸ் என்பதை அண்மிக்க முடியும்.

மற்றவற்றையும் இதே முறையில் பிரிக்கலாம். ஹோர்ஸ் என்பது பெரும்பாலும் ஒரு காரணத்தைச் சுட்டுகிறது: நோய், களைப்பு, நெடுநேரக் கத்தல். ஹஸ்கி என்பதில் காற்றுக் கலந்த மென்மை உண்டு. பாடகரின் குரலைப் புகழ்வதற்கும் அதைப் பயன்படுத்துவார்கள். கிறஃப் என்பதில் தாழ்ந்த குரலோடு வெடுக்கென்ற பேச்சும் சேர்ந்திருக்கிறது. குணத்தில் நல்லவரான ஒரு கிழவரையும் அவ்வாறு சொல்லலாம். கிறவெலி என்பது தாழ்ந்து உருளும் குரல். சரளைக் கல்லிலிருந்து வந்த பெயர்.

குரல் மருத்துவத்திலும் இந்தப் பிரிப்புக்கு ஒப்பான ஒன்று இருப்பது குறிப்பிடத்தக்கது. குரல்நாண்கள் ஒழுங்கின்றி அதிர்வதால் எழும் கரடுமுரடும், அவை முழுமையாக மூடாமல் காற்றுக் கசிவதால் எழும் மூச்சொலியும் வேறு வேறானவை. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1981இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய மதிப்பீட்டு முறையில் இவ்விரண்டும் தனித்தனி அளவுகோல்களாகவே வைக்கப்பட்டுள்ளன. ஆங்கிலப் பேச்சுவழக்கு ஹஸ்கியை மூச்சொலியின் பக்கமும், றோக்கஸை கரடுமுரட்டின் பக்கமும் ஏறத்தாழச் சரியாகவே வைத்திருக்கிறது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரலடைப்புக்கு அகராதியை அல்ல, மருத்துவரையே நாட வேண்டும்.

வேரைப் பின்னோக்கித் தேடுதல்

பொருள் உறுதியான பின்னரே பிறப்பைத் தேட வேண்டும். வரிசையை மாற்றினால், வேரிலிருந்து நாமே ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டு அதை இன்றைய வாக்கியத்தின் மீது ஏற்றிவிடுவோம். சொற்பிறப்பைத் தரும் அகராதிகளில் அது பகர அடைப்புக்குள் மிகச் சுருக்கமாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அதில் வரும் மொழிப்பெயர்ச் சுருக்கங்களுக்கான விளக்கம் நூலின் முன்பக்கங்களில் இருக்கும். அண்மைக் காலத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னே செல்வதே முறை. ஒரு படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

இத்தகைய தேடலுக்கு மிகப் பெரிய கருவி ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி. 1884இல் முதற் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்ற அந்தப் பணியின் சிறப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு குறித்த மேற்கோள்களை வரிசையாகத் தருவது. றோக்கஸ் என்ற பெயரடை 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், 1769 அளவில், ஆங்கில எழுத்தில் தோன்றுகிறது. அதற்கு முன்னரே, 17ஆம் நூற்றாண்டில், 'றோசிற்றி' என்ற பெயர்ச்சொல் குரலின் கரகரப்பைக் குறிக்க வழங்கியிருக்கிறது. பெயர்ச்சொல் முந்தி, பெயரடை பிந்தி வந்தது என்பதிலிருந்து, இது மக்கள் வாயில் பிறந்த சொல் அன்று, இலத்தீன் கற்றவர்கள் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் என்பதை ஊகிக்கலாம். இதோடு ஒப்பிட்டால், ஹோர்ஸ் என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஹாஸ்' என்றிருந்த வீட்டுச் சொல். ஜெர்மன் மொழியின் 'ஹைசர்' அதன் உறவு. அதற்குள் இன்று காணப்படும் 'ஆர்' எழுத்து பழைய ஆங்கில வடிவத்தில் இல்லை. பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்த படி இலத்தீன். அங்கே 'றவுக்குஸ்' என்ற சொல் கரகரத்த, தொண்டை கட்டிய என்ற பொருளைத் தருகிறது. 'றாவிஸ்' என்பது தொண்டைக்கட்டு. இங்கே சற்று நின்று, இலத்தீன் புலவர்கள் அதை எங்கே பயன்படுத்தினார்கள் என்று பார்ப்பது வீண் வேலை அன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேர்ஜில், தம் முல்லைநிலப் பாடல்களுள் முதலாவதில் காட்டுப்புறாக்களை இந்த அடைமொழியால் குறிக்கிறார். உழவு பற்றிய பாடலில், வழவழத்த கற்களின் மீது விழுந்தோடும் வாய்க்கால் நீரின் முணுமுணுப்புக்கும் இதையே சூட்டுகிறார். பிற்காலத்து ஜுவெனல், தம் முதல் அங்கதப் பாடலின் தொடக்கத்திலேயே, நெடுங்கவிதையை வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிப்போன ஒரு புலவரை இச்சொல்லால் கேலி செய்கிறார். புறா, நீரோட்டம், களைத்த புலவர் ஆகிய மூன்றிலும் கரகரப்பு இருக்கிறது. கும்மாளம் எதிலும் இல்லை. அடக்கமற்ற இரைச்சல் என்ற பொருள் இலத்தீனில் இருந்து வந்த சொத்து அன்று, ஆங்கிலம் பின்னர் சேர்த்துக்கொண்டது என்பதற்கு இது நல்ல தடயம்.

உறவு மொழிகளையும் ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணம் உறுதிப்படும். பிரெஞ்சில் 'றோக்', இத்தாலிய மொழியில் 'றவுக்கோ', போர்த்துக்கேய மொழியில் 'றோக்கு' ஆகியவை இன்றும் கரகரத்த குரலையே குறிக்கின்றன. ஸ்பானிய மொழியின் 'றொங்கோ'வும் அதே பொருளுடையது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண், துவாய் என்று வீட்டுக்குள் புழங்கும் பொருள்களின் பெயர்களை நமக்கு விட்டுச்சென்றார்கள். தொண்டைக்கட்டுக்கு நம்மிடம் ஏற்கெனவே போதிய சொற்கள் இருந்தன. அது கதிரையைப் போலக் கப்பலில் வந்த பொருளும் அன்று.

போலி உறவுகளைக் கழித்தல்

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று கொள்வதே சொற்பிறப்புத் தேடலின் முதற் கேடு. ஆங்கிலத்திலேயே 'றக்கஸ்' என்று ஒரு சொல் உண்டு. அமளி, குழப்பம் என்று பொருள். றோக்கஸோடு ஒலியும் நெருங்குகிறது, பொருளும் நெருங்குகிறது. ஆயினும் அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியது. 'றக்‌ஷன்', 'றம்பஸ்' என்ற இரண்டு சொற்கள் கலந்து பிறந்திருக்கலாம் என்பதே அகராதியாளரின் கருத்து. இலத்தீனுக்கும் அதற்கும் தொடர்பு காட்டப்படவில்லை.

தமிழ் அறிந்தவர்களுக்கு வரும் மயக்கம் வேறு வகையானது. இராட்சதர் என்ற சொல் நம்மிடம் இருக்க, இராட்சதக் குரலிலிருந்துதான் றோக்கஸ் வந்தது என்று ஒருவர் சொன்னால் கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் எந்த நூற்றாண்டில், எந்த மொழியின் வழியாக, எந்த இடைவடிவத்தோடு அது ஆங்கிலத்துக்குப் போனது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாவிட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டும். இலத்தீன் வழி வந்தது என்பதற்கு அந்த மூன்றுக்கும் விடை இருக்கிறது. இதைப் போலவே, நம்முடைய 'கரகர' என்பதும் ஆங்கிலத்தின் 'குறோக்' என்பதும் ககரத்தாலும் ரகரத்தாலும் ஆனவை என்பதால் ஒரே குடும்பம் ஆகிவிடமாட்டா. இரண்டும் ஒலியைப் பின்பற்றிப் பிறந்தவை. கரடுமுரடான ஒலியைப் போலச்செய்ய முயலும் எந்த மொழியினரின் நாக்கும் அந்த இரண்டு ஒலிகளைத் தேடிப்போவதில் வியப்பில்லை.

விலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இலத்தீன் சொல்லுக்கும், ஒலித்தல் என்ற பொருளுடைய 'ரு' என்ற வடமொழி வேருக்கும் பொதுவான மிகப் பழைய இந்தோ–ஐரோப்பிய மூலம் ஒன்றை மொழியியலாளர் காட்டுகிறார்கள். அந்த வேரிலிருந்து வந்த 'ரவம்' தமிழ் நூல்களிலும் ஒலி என்ற பொருளில் வழங்குவதால், நம் அகராதியில் றோக்கஸுக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது வடமொழி வழியாக நமக்கு வந்த சொந்தம். தமிழ் வேரிலிருந்து ஆங்கிலச் சொல் பிறந்தது என்று காட்டுவதற்கு அது உதவாது.

குரலிலிருந்து நடத்தைக்கு

இனி, கரகரத்த குரலைக் குறித்த சொல் எப்படிக் கட்டுக்கடங்காத கூட்டத்தைக் குறிக்கலாயிற்று என்ற கேள்வி எஞ்சுகிறது. இதற்கு ஆங்கில நூல்களைப் புரட்டுவதைவிடத் தமிழைப் பார்ப்பதே விரைவான வழி என்பது என் கருத்து. 'அட்டகாசம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அது உரத்த சிரிப்பு. சிவபெருமானின் பெருஞ்சிரிப்புக்கும் அதுவே பெயர். தமிழில் அது முதலில் பெருஞ்சிரிப்பாகவும், பின்னர் அப்படிச் சிரித்துக்கொண்டு செய்யும் அடாத செயலாகவும், இன்றைய பேச்சில் 'மிக அருமை' என்ற பாராட்டாகவும் மாறியிருக்கிறது. 'ஆர்ப்பாட்டம்' இன்னும் தெளிவானது. ஆர்த்தல் என்றால் பேரொலி எழுப்புதல். இன்று மாவட்டச் செயலகத்தின் முன்னால் வாயில் கறுப்புத் துணி கட்டி அமைதியாக நிற்பவர்களும் நாளிதழில் ஆர்ப்பாட்டக்காரர்களே. ஒலியின் பெயர் அந்த ஒலியை எழுப்புவோரின் நடத்தைக்கு ஏறுவதும், பின்னர் ஒலி இல்லாத இடத்திலும் அது தங்கிவிடுவதும் எந்த மொழிக்கும் பொதுவானது. றோக்கஸ் சென்ற பாதையும் இதுதான்.

ஆகவே, 'வேர்ப்பொருள் கரகரப்பு என்பதால் உண்மையான பொருளும் அதுவே' என்று வாதிடுவது, ஆர்ப்பாட்டத்தில் சத்தம் இல்லாவிட்டால் அது ஆர்ப்பாட்டமே அன்று என்று வாதிடுவதற்கு ஒப்பாகும்.

தமிழில் எழுதும்போது

இந்த இடத்தில் அகராதியைத் தலைகீழாகப் பயன்படுத்த வேண்டும். அதாவது, ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழுக்குப் போகாமல், நமக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழ் அகராதியில் பார்த்து, அவற்றின் எல்லைகளை அறிய வேண்டும். இதற்கான கருவிகளில் இரண்டு இந்த மண்ணோடு நேரடித் தொடர்புடையவை. 1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பதிப்பான யாழ்ப்பாண அகராதி ஒன்று. மானிப்பாய் அகராதி என்றும் அதைச் சொல்வர். உடுவிலில் பல ஆண்டுகள் பணியாற்றிய மைரன் வின்சுலோ, நல்லூரில் இருந்த யோசப் நைற் முதலியோர் திரட்டிய கைப்பிரதிகளையும் ஆதாரமாகக் கொண்டு 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ்–ஆங்கிலப் பேரகராதி மற்றையது. அதற்குப் பின்னர் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், வின்சுலோவின் அகராதியும், சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின் அகராதித் தளத்தில் கட்டணமின்றித் தேடக்கூடியவையாக உள்ளன. கைபேசியில் தமிழ் எழுத்தைத் தட்டினாலே போதும்.

அங்கே 'கம்மல்' என்று தேடினால் குரலடைப்பும் கிடைக்கும், காதணியும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் காதணியைத் தோடு என்றே பெரும்பாலும் சொல்வதால் இங்கே மயக்கம் குறைவு. ஆனால் தமிழகத்து வாசகருக்கு எழுதும்போது 'குரல் கம்மியது' என்று வினையாக எழுதுவது பாதுகாப்பானது. ஆங்கிலத்து ஹஸ்கியிலும் இதே சிக்கல் உண்டு: உமியைப் போல உலர்ந்த தொண்டை என்பதிலிருந்து வந்த குரல் ஹஸ்கி வேறு, பனிநிலத்துச் சறுக்குவண்டி இழுக்கும் நாயின் பெயரான ஹஸ்கி வேறு. பின்னது எஸ்கிமோ என்ற பெயரின் சிதைவிலிருந்து வந்தது.

ஹோர்ஸ் என்பதற்கு 'குரல் அடைத்துப்போயிற்று', 'தொண்டை கட்டிவிட்டது', 'கம்மிய குரல்' ஆகிய மூன்றும் பொருந்தும். றோக்கஸுக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது, ஏனெனில் இவை எல்லாம் ஒலி குன்றியதைச் சொல்கின்றன. குரலைப் பற்றிய வாக்கியமானால் 'கரகரத்த உரத்த குரல்', 'காதைப் பிளக்கும் கட்டைக் குரல்' என்று இரண்டு அடைகளைச் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும். ஒரே சொல்லில் அடக்க முயல்வது வீண். சிரிப்பானால் 'வெடிச்சிரிப்பு' என்றோ, பழைய பொருளில் 'அட்டகாசச் சிரிப்பு' என்றோ எழுதலாம். பிந்தியதை வாசகர் பாராட்டாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் எனக்கு முந்தியதே விருப்பம். துடுப்பாட்டக் கூட்டத்துக்கு ஆரவாரம், பாராளுமன்ற விவாதத்துக்கு அமளி, நள்ளிரவைத் தாண்டிய கலியாண வீட்டு விருந்துக்குக் கும்மாளம் என்று இடத்துக்கு ஏற்பத் தெரிய வேண்டும். ஆரவாரத்தில் மகிழ்ச்சியும் அமளியில் கண்டனமும் ஏறியிருப்பதால், மூல ஆசிரியர் அந்தக் கூட்டத்தை விரும்பினாரா வெறுத்தாரா என்பதை முன்பின் வாக்கியங்களிலிருந்து முடிவுசெய்த பின்னரே ஒன்றை எழுத வேண்டும்.

பறவைகளுக்கு வரும்போது நம் ஒலிமரபு குறுக்கிடுகிறது. காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும், புறா குனுகும் என்ற வழக்கில் ஒவ்வொரு வினையும் அந்தந்தப் பறவையின் குரலைத் தன்னுள் வைத்திருக்கிறது. பாசையூர் மீன்சந்தையில் காகங்கள் எழுப்பும் சத்தத்தை ஓர் ஆங்கிலக் கதாசிரியர் றோக்கஸ் என்றால், 'காகங்கள் காதடைக்கக் கரைந்தன' என்பதே போதும். கரைதலில் கரகரப்பு ஏற்கெனவே இருப்பதால் சேர்க்க வேண்டியது உரப்பை மட்டுமே. வேர்ஜிலின் புறாவுக்கு அந்த உரப்பும் வேண்டியதில்லை. அங்கே சொல் இன்னும் தன் இலத்தீன் பொருளில் நிற்பதால், 'தொண்டை கம்மிய புறாக்கள் குனுகின' என்று எழுதுவதே சரியாகும்.